கண்ணை மூடிக்கிட்டு பழசை வாங்கு

அச்சகத்தில் அவருக்கு ‘ரெண்டாம் பதிப்பு’ என்று பெயர். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு ஒருநாள் நேராகவே கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. கையெழுத்துப் பிரதியைக் கணினியில் அடிப்பது, பக்கம் கட்டுவது, பிழை பார்க்க மெய்ப்பு எடுத்துக் கொடுப்பது, சிவப்பு மசியோடு திரும்பி வருவதைத் திருத்துவது. இந்த வேலையிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு தத்துவத்தை உருவிக்கொண்டார். முதல் பதிப்பில் பிழை இருக்கும். எத்தனை கண் பார்த்தாலும் இருக்கும். சமயத்தில் அட்டையிலேயே இருக்கும். முதல் பதிப்பு என்பது காசு கொடுத்து வாங்குகிற மெய்ப்பு. அதைத் திருத்துகிற பாடு வாங்கியவன் தலையில். ஆகவே புத்தியுள்ளவன் இரண்டாம் பதிப்புக்குக் காத்திருப்பான்.

தத்துவத்தைப் புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாம். தெருமுனையில் புதிதாக ஒரு பல் மருத்துவர் கடை திறந்தபோது இவருக்குக் கடைவாய்ப் பல் வலி. இன்னும் நாலு பேர் அவரிடம் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று நாலு மாதம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். எல்லோரும் அப்படியே நினைத்தார்களோ என்னவோ, மருத்துவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மூத்தவளைப் பார்த்துவிட்டு வந்து ஏழு மாதம் யோசித்தார். அதற்குள் அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்து, வளைகாப்பு வரைக்கும் போய்விட்டது. இளையவளைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் மனைவி இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

“அக்காகிட்ட இருந்த பிழையெல்லாம் திருத்தி என்னை வெளியிட்டாங்க.”

அவள் தபால் அலுவலகக் கவுண்டரில் இருப்பவள். ஒரு ஆளுக்கு அரை நிமிடம். அதற்கு மேல் யோசிப்பவர்களை ஓரமாக நின்று யோசிக்கச் சொல்லிவிடுவாள்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் விஷயத்தில் அவருக்கும் அரை நிமிடம் போதும். கணினி என்றால் அதுகூட வேண்டாம். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் கணினி வாங்கினாலும் இவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் பற்றி இவர் வரிக்கு வரி படித்திருப்பார். எது சுடும், எதன் விசிறி இரையும், எதன் சாவிப்பலகையில் எந்தச் சாவி ஆறாம் மாதம் ஆடும் என்று ஒப்பிப்பார். கேட்டவர் வாயை மூடுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். “கண்ணை மூடிக்கிட்டு பழசை வாங்கு.” போன வருடம் வந்து, ஒரு வருடம் ஊர் உழைப்பில் தேறி வந்த மாடல்தான் அவர் கணக்கில் பழசு. அப்படி வாங்கியவர்கள் யாரும் வந்து திட்டியதில்லை. அவர் மட்டும் சொந்தமாக ஒன்றும் வாங்கியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்துக் கணினி மூன்று தரம் ‘கீச்’சென்று கத்திவிட்டுப் படுத்தது. பதினொரு வருடம் உழைத்தது. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நேரம் பார்த்துப் படுத்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர், இருநூற்று நாற்பது பக்கம், பன்னிரண்டு நாளில் அச்சுக்குப் போயாக வேண்டும். பாதிப் பக்கம் கட்டியிருந்தது. நகல் எடுத்து வைத்திருந்ததால் பக்கங்கள் பிழைத்தன.

முதலாளிக்கு முழங்கால் போனதிலிருந்து அச்சகத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய மருமகள். குரலை உயர்த்தாமலே காரியம் முடிப்பவள். புதுக் கணினி எதுவென்று இவரே தேர்ந்தெடுக்கட்டும், வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லட்டும் என்றாள். தவறினால் மலரை எதிர்க்கடைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். எதிர்க்கடையிலும் இதே வேலைதான். இரண்டு கடைக்கும் நடுவில் பதினைந்து அடி ரோடு.

“அங்கே கொடுத்துட்டா, அப்புறம் இங்கே உங்க நாற்காலி எதுக்குண்ணா?” என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள்.

சாதாரண நாளாக இருந்தால் பதில் அவர் நாக்கிலேயே இருந்திருக்கும். ஆனால் முந்தின நாள்தான், திங்கட்கிழமை, புது மாடல் ஒன்று வெளியாகியிருந்தது. இரண்டு மடங்கு வேகம் என்றார்கள். சுடாது, இரையாது என்றார்கள். அவர் இருபத்திரண்டு வருடமாகப் பழைய மாடல்களிடம் கண்ட குறைகளையெல்லாம் யாரோ ஒளிந்திருந்து கேட்டுத் திருத்தியது போல் இருந்தது. பழசை வாங்கினால் புதுசின் பக்கம் வருடம் முழுவதும் கண் போகும். புதுசை வாங்கினால் முதல் பதிப்பு.

பிழைதிருத்திப் போட்ட தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் பதினான்கு கட்டம் போட்டார். எடை, சூடு, சத்தம், திரை, சாவி என்று ஒவ்வொன்றாக எழுதி இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தார். செவ்வாய் மாலை பழசு ஜெயித்தது. புதன் காலை கூட்டிப் பார்த்தபோது புதுசு. இரண்டு தடவையும் கட்டங்கள் அதேதான்; ஆள்தான் மாறியிருந்தார்.

அச்சகத்தின் பைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து பசை காய்ச்சிக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவர் வாய்க்குத் தடையில்லை.

“யோவ் ரெண்டாம் பதிப்பு, பரீட்சை நீ எழுதுறியா, திருத்துறியா?”

“பொறுப்பா. சூடு பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“வியாழக்கிழமை தானா தெரியும்யா சூடு.”

புதன்கிழமை டீ குடிக்கப் போன இடத்தில் எதிர்க்கடைக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். இவரைவிட இளையவர், எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தன் கடைக்கு ஒரு கணினி வாங்க வேண்டும், போன வருடத்து மாடலா, திங்கட்கிழமை வந்ததா என்று ஒரே குழப்பமாக இருக்கிறது என்றார். இவர் கையில் டீ, சட்டைப் பையில் பதினான்கு கட்டம். நானும் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் யாராவது ஆலோசனை கேட்டுவிட்டால் அவருக்குள் வேறு ஆள் இறங்கிவிடுவான்.

“இதுல குழம்ப என்ன தம்பி இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு பழசை வாங்கு.”

எதிர்க்கடைக்காரர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இவர் அச்சகத்துக்குத் திரும்பி, ‘சத்தம்’ என்ற கட்டத்தில் புதுசுக்கு அரை மதிப்பெண் கூட்டினார்.

வியாழன் ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருந்தபோது மருமகள் மேஜைக்குப் போய், “பழசே போதும்மா” என்றார். சொன்னதும் உடம்பு லேசானது. அவள் அங்கேயே கணினிக் கடைக்குப் போன் போட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். புதுசு வந்துவிட்டதால் பழசை இனி வரவழைப்பதில்லையாம். கடைசியாக ஒன்றே ஒன்று இருந்ததாம். நேற்று மத்தியானம் நம் எதிர்க்கடைக்காரர் வந்து எடுத்துப் போய்விட்டாராம். யாரோ விஷயம் தெரிந்தவர் சொன்னதாகச் சொன்னாராம்.

பைண்டர் பசை வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

வெள்ளிக்கிழமை புதுசு வந்து இறங்கியது. உண்மையிலேயே சுடவில்லை, இரையவில்லை. மலரைத் திறந்தார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்து. அதுவும் ஆங்கிலம் இல்லை; கோழி கிளறிய ஆங்கிலம். அச்சகத்தின் எழுத்துரு பழைய காலத்தது. ஆங்கிலச் சாவிகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்ட வகை. புதுசு அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டது. கணினிக் கடையில் கேட்டபோது, இது முதல் வெளியீடு, பழைய எழுத்துருக்களை அடுத்த வெளியீட்டில் சேர்ப்பார்கள் என்றார்கள். பதினான்கு கட்டத்தில் ‘தமிழ் தெரியுமா’ என்று ஒரு கட்டம் இல்லை. அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருமகள் திரையைக் காட்டி, “என்னண்ணா இது?” என்றாள்.

“எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எல்லாம் சேர்ந்தா ‘அம்மா’.” அவர் விரலை வைத்து மேலே போனார். “‘அம்மா என் கையைப் பிடித்து இந்தப் பள்ளியில் கொண்டுவந்து விட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது.’ பழைய மாணவி எழுதின கட்டுரைம்மா. மூணாவது வரியில ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சு. அங்க ஒரு மெய்யெழுத்து புள்ளியில்லாம நிக்கும்.”

இருபத்திரண்டு வருடம் அந்தச் சாவிகளில் புழங்கிய விரல்கள். கண்ணுக்குப் பழக்கமில்லாததை அவை படித்தன. மருமகள் ஒரு நிமிடம் அவரை மரியாதையோடு பார்த்தாள். பிறகு, இருநூற்று நாற்பது பக்கத்தையும் படிக்கிறவர்கள் வீட்டுக்கு இவரை அனுப்ப முடியாது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டாள். அது கொம்புகளையெல்லாம் எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நட்டது.

சனிக்கிழமை மலர் எதிர்க்கடைக்குப் போனது. அங்கே இருந்த பழசு சமர்த்தாக எல்லாவற்றையும் திறந்தது. ஆனால் அதைப் பாதி வரை கட்டியிருந்த ஆள் இங்கே இருந்தார். ஆகவே அவரும் போனார். இடுப்புக்குப் பழகிய நாற்காலி என்று அதையும் தூக்கிக்கொண்டு, வண்டிகளை நிறுத்தி, பதினைந்து அடி ரோட்டைக் கடந்தார். அச்சக வாசலில் நின்று பைண்டர் கையசைத்தார், வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி.

ஆறு நாளில் மலர் முடிந்தது. தானே தேர்ந்தெடுத்த கணினியில் அவர் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுட்டது.

வெள்ளிக்கிழமை எதிர்க்கடைக்காரர், “அண்ணே, இங்கேயே இருந்துடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்” என்றார். ரோட்டைத் தாண்டி வந்தால் மருமகள், புதுசில் வேறு முறையில் தமிழ் அடிக்கலாம், ஒரு பெண் வந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள், கற்றுக்கொள்ள விருப்பமா என்று நாளைக்குப் பத்து மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்றாள். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணையே வேலைக்கு வைத்துக்கொள்வாளாம்.

வீட்டுக்கு வந்து தாளில் கட்டம் போட்டார். இந்தத் தடவை இன்னும் சிக்கல். பழைய இடத்தில் புதுக் கணினி. புது இடத்தில் பழைய கணினி. எது பழசு, எது புதுசு என்பதே பிடிபடவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பதினான்கு கட்டம் இருபதாகியிருந்தது. இரண்டு நாற்காலியும் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்பது அவர் மனைவிக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும், ஆனால் அதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தார்.

அவள் வேலைக்குப் புறப்படத் தலைவாரிக்கொண்டே, அவர் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

“ஏங்க, என் தம்பிக்கு ஒரு குழப்பம். உங்களைக் கேக்கச் சொன்னான்.”

“சொல்லு.” பென்சிலைக் கீழே வைத்தார்.

“அவனோட பழைய முதலாளி புது லாரி வாங்கிட்டாராம். அதை ஓட்டணும்னா இவன் முதல்ல இருந்து கத்துக்கணும். எதிர்ல ஒருத்தர், இவனுக்குப் பழகின லாரி வச்சிக்கிட்டு வான்னு கூப்பிடுறாராம். எங்க போறதுன்னு தெரியாம முழிக்கிறான்.”

“இதுல முழிக்க என்ன இருக்கு? அவன் ஓட்டப்போறது லாரியையா, முதலாளியையா? பழகின லாரி எங்க நிக்குதோ கண்ணை மூடிக்கிட்டு அங்க போகச் சொல்லு. உன் தம்பிக்கு எப்பவுமே இந்த இழுவைதான். ஒரு முடிவு எடுக்கத் துப்பு கிடையாது.”

“சொல்லிடுறேன்” என்று அவள் போனை எடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. “நான் அவங்க வீட்டிலேர்ந்து பேசுறேன். திங்கட்கிழமை உங்க கடைக்கே வந்துடுவார். ஆமா, நாற்காலி அங்கேயே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, மேஜையில் இருந்த தாளை நாலாக மடித்துக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாள். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏய், உன் தம்பி மருந்துக்கடையிலதானே இருக்கான்? அவனுக்கு சைக்கிளே விடத் தெரியாதே?”