பதினேழு சொற்களும் ஒரு வெங்காயத் தோலும்

ஓடிப்போனாளாம்! தையல்காரர் மனைவி சொல்கிறாள், தெருவே தலையாட்டுகிறது. பட்டப்பகலில், மாமியாரே கதவைத் திறந்துவிட, பெட்டியோடு படியிறங்கிப் போனவளை ஓடிப்போனவள் என்று சொல்ல நாக்குக் கூச வேண்டாமா? "எப்பப் பாரு கட்டம் கட்டமாப் போட்டுக்கிட்டு இருந்தாளே, அப்பவே நினைச்சேன்" என்கிறாள். அந்தக் கட்டத்துக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாத எனக்குத் தெரியும்.

என் மருமகள் கல்லூரி ஆய்வகத்தில் ஒன்பது வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினாள். கைதானே கழுவும், காது சும்மாவா இருக்கும்? வாத்தியார் மாணவர்களுக்குச் சொன்னதெல்லாம் இவளுக்குள் இறங்கிவிட்டது. வெளியூரில் ஒரு சிறுவர் அறிவியல் பத்திரிகையில் புதிர் போட ஆள் கேட்டார்கள். தாவரச் செல்லைப் பற்றிக் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், பிடித்துப்போனால் வேலை. கப்பலில் இருக்கும் என் மகன் போனில், "போட்டுத்தான் பாரேன்" என்றான்.

போட்டாள். பதினேழு சொற்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஒன்றின் எழுத்தை இன்னொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். திங்கட்கிழமை சாப்பிடும்போது குறிப்புகளை எனக்கு வாசித்தாள். வெயிலை வாங்கிச் சமைக்கும் பச்சை அறை, பசுங்கணிகம். சுற்றி நிற்கும் காவல், செல்சுவர். செல் இரண்டாகும்போது இரு முனையிலும் நிற்பது... வாய்க்குக் கொண்டுபோன கவளம் அவள் கையிலேயே நின்றது.

"அத்தை, தப்புப் பண்ணிட்டேன். இதுக்கு விடை சென்ட்ரியோல். அது மிருகத்தோட செல்லுல இருக்கறது. செடியில கிடையாது."

"எடுத்துடு."

"அதைப் பிடிச்சுக்கிட்டு நாலு சொல்லு நிக்குது. அந்த நாலைப் பிடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம். எடுத்தா மொத்தமும் சரியும்."

"அப்ப விடுடி. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

மறுநாள் காலை, மாணவர்கள் வருவதற்கு முன்பே என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனாள். வெங்காயத்தின் உள்தோலை இடுக்கியால் உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினாள். குனிந்து பார்த்தேன்.

"ஏதோ புல்லு மாதிரி தெரியுது."

"அது உங்க கண்ணு முடி அத்தை. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."

அப்போது தெரிந்தது. செங்கல் செங்கலாக, கோடு பிசகாமல் அடுக்கிய சுவர். ஒரு கட்டத்தின் சுவரை ஒட்டியே அடுத்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பொட்டு. அறுபது வருடம் வெங்காயம் உரித்திருக்கிறேன், அழுததுதான் மிச்சம். இத்தனை அறைகளை யார் கட்டினார்கள், எனக்குத் தெரியாமல், என் அரிவாள்மணைக்கு அடியிலேயே? நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்குள்ள இல்லாத ஒண்ணை நான் எப்படி அத்தை வைக்கிறது?" என்றாள்.

நான் பிடிவாதக்காரிதான். ஆனால் அன்றைக்கு, "அழிச்சுடு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அழித்தாள். பதினேழில் ஆறுதான் மிஞ்சியது. மூன்று நாள் சமையல் என் பொறுப்பு. ஒரு வேளை உப்பில்லை, அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடைசிக் கட்டம் நிரம்பியது. உறையை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினாள். அவள் ஓடியது அந்த ஒரு நாள்தான், தையல்காரர் மனைவி நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

வேலைக் கடிதம் வந்தது. கிளம்பும் நாளில் கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"அழாதீங்க அத்தை."

"யாருடி அழுறா? வெங்காயம் உரிச்சேன்."

என் கையில் இருந்தது உருளைக்கிழங்கு. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.