கனக்கப் போட்ட கடலை

குளிர்த் தண்ணீரில் கெண்டைக்குப் பசி குறைவு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு அள்ளிப் போட்டேன். அதற்காக ஒரு பனிக்காலம் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

டிசம்பர் தொடக்கம். மொன்றியல் டோர்வல் விமான நிலையத்துப் பக்கத்து ஏரியில் கரையோரம் மட்டும் மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்தது. நானும் அண்ணையும் பயிற்சிக்குப் போயிருந்தோம். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. மொன்றியலுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே நிலவறையில் இருந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட மனிதர். அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், எனக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பன்னிரண்டு வருஷமாக லீவு கிடைத்தால் இரண்டு பேரும் தூண்டிலோடு ஏரிக்கரையில்தான். பிடித்த மீனை நிறுத்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவோம். சமைக்காத மீனுக்கு ஏன் இந்தப் பாடு என்று எங்கட சனம் எங்களை விசரர் என்று சொல்லும்.

பனி உருகியதும் எங்கள் தூண்டில்காரர் சங்கத்தில் சோடிப் போட்டி. சோடிக்கு இரண்டு பேர். அப்போதும் தண்ணீர் இதே குளிரில்தான் இருக்கும், அதனால்தான் டிசம்பரில் பழக வந்தோம். முந்தின வருஷங்களில் அண்ணைக்கு அந்த நாளில் லீவு கிடைக்கவில்லை. இந்த முறை கிடைத்துவிட்டது. அவரோடு சோடியாக நிற்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களோடு நாள் முழுக்க வேலை செய்கிறவன் நான். சங்கத்துப் பலகையில் எங்கள் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மீன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தவனும் நான்தான். பழைய படகுத்துறைக்கு இடப்பக்கம், ஆழம் சட்டென்று இறங்கும் இடம். இரையும் என் கைவேலை, பெருஞ்சீரகம் போட்டு அவித்த கொண்டைக்கடலை. தூண்டிலில் ஒன்று குத்தி, மீனைக் கூட்ட அதைச் சுற்றிக் கொஞ்சம் தூவுவோம். அண்ணை இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எதிர்க்கரையில் எந்த மரத்தைப் பார்த்து எறிய வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டார்.

“தம்பி, பத்துக் கடலைக்கு மேல போடாதை. குளிருக்குள்ள அது தின்னாது.”

“ஓம் அண்ணை.”

ஓம் என்றுதான் சொன்னேன். இரண்டு மணித்தியாலமாக ஒரு அசைவும் இல்லை. விரல் விறைத்துவிட்டது. பக்கத்தில் வாளி நிறையக் கடலை. என் வீட்டில் யாருக்கும் பத்துக் கடலையை எண்ணி வைத்துக் கொடுத்த பழக்கம் இல்லை. வந்தவர் போதும் போதும் என்று சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மறைத்தாலும் இன்னொரு கரண்டி விழும். தண்ணீருக்குள் கிடக்கிற மீனுக்கு மட்டும் எண்ணிப் போட எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணை தேத்தண்ணி எடுக்கக் காருக்குப் போன நேரம் பார்த்து நாலு கை அள்ளி வீசினேன். பிறகு இன்னும் இரண்டு.

அவர் திரும்பி வரும்போது தண்ணீரில் வளையம் இன்னும் அடங்கவில்லை.

“என்ன செய்தனி?”

“கொஞ்சம் போட்டனான்.”

“கொஞ்சமோ?” வாளியை எட்டிப் பார்த்தார். “இனி ஒண்டும் கடிக்காது. வயிறு நிறைஞ்சு படுத்திடும்.”

கடிக்கவில்லைதான். பின்னேரம் வரைக்கும் இருந்தோம். விமானங்கள் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தன. தூண்டிலைச் சுருட்டும்போது அண்ணை என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

“உன்னோட சரிவராது தம்பி. உன்ர கை அடங்காது. நான் மருமகனோட சோடி சேரப்போறன், குறை நினையாதை.”

குறை நினைக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? பிழை என்னுடையது. ஆஸ்பத்திரி நடையைத் துடைக்கும்போதும் அந்த ஆறு கை கடலைதான் ஞாபகத்தில். சமையலறையில் கடலையைப் பத்துப் பத்தாக எடுத்து வைத்துக் கையைப் பழக்கினேன். மனைவி பார்த்துவிட்டு, “உங்களுக்கு மண்டை கழண்டுட்டுதோ?” என்றாள். அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று தரம் போன் எடுத்தேன். “பரவாயில்லையடா, விடு,” என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

மார்ச்சில் சங்கத்துக்குப் போனேன், வேறு யாராவது சோடி இல்லாமல் இருக்கிறார்களா என்று கேட்க. செயலாளர் வயதான பிரெஞ்சுக்காரி, நல்ல மனுஷி. படிவங்களைப் புரட்டிவிட்டு, உங்கள் நண்பர்தான் இந்த முறை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் என்றாள். ஒக்டோபரில். மருமகன் பெயரோடு.

மெர்சி சொல்லிவிட்டு வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது. என்னைக் கழற்றிவிட்டுத்தான் என்னோடு பயிற்சிக்கு வந்திருக்கிறார். என் இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, பழியையும் என் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார். நான் அதைச் சுமந்துகொண்டு மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறேன். என்னைப் போல ஏமாந்த பேயன் இந்த ஊரில் இருக்க மாட்டான்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் வந்தது.

“தம்பி, அந்தக் கடலை எவ்வளவு நேரம் அவிக்கிறனி?”

குரலில் ஒரு கூச்சமும் இல்லை. ஒக்டோபர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அல்லது வாளி வாளியாகப் போடுங்கோ என்று சொல்லி நாசமாக்கியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஒரு இரவு ஊற வையுங்கோ, ஒரு மணித்தியாலம் அவியுங்கோ, பெருஞ்சீரகத்தைக் கடைசியில் போடுங்கோ என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் போனை வைக்கப்போகிற நேரம் இன்னொன்றும் சொன்னேன்.

“தண்ணி இன்னும் குளிர் அண்ணை. கனக்கப் போடாதேங்கோ.”