போன் சொன்ன ஒரே வார்த்தை

நான் சிதம்பரத்தில் நூலகர். எங்கள் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற இரண்டு வருடம் ஆனது. அதைப் பற்றி வாசகர்களிடம் கருத்துக் கேட்க மஞ்சக்குப்பத்தில் கூட்டம் வைத்தபோதே எனக்குக் கடுப்பு. வெளியாட்களுக்கு இதில் என்ன தெரியும்?

பார்வையில்லாத ஒருவர் எழுந்தார். அண்ணாமலை நகரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்.

"சார், எனக்கு போன்தான் படிச்சுக் காட்டும். உங்க புக் ஒண்ணு இதுல தொறந்து குடுங்க."

திறந்து கொடுத்தேன். அவர் விரல் பட்டதும் போன், "படம்" என்றது. அடுத்த பக்கத்துக்கும் "படம்". அதற்கடுத்ததற்கும் அதேதான். கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரிகள் என்னையே பார்த்தார்கள்.

"உங்க போன்ல ஏதோ கோளாறு" என்றேன்.

அவர் அன்றைய செய்தி ஒன்றைத் திறந்தார். போன் கடகடவென்று படித்தது.

"போன் நல்லாத்தான் இருக்குது சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பக்கங்களைப் படமாக எடுத்ததோடு நிறுத்தியிருந்தோம். போன் படிக்க வேண்டுமானால் அதை எழுத்தாக மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதும் என்று விட்டவன் நான்தான். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எந்தப் புத்தகமானாலும் எழுத்தாக மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் போனில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறேன். அவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.