சனிக்கிழமை விருந்தாளி

எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு முன்னால் யாரும் சோர்ந்து உட்காரக் கூடாது. காய்ச்சல் அடித்தாலும் எழுந்து முகம் கழுவி, வாங்க, பசியாறுங்க என்று சொல்லியாக வேண்டும். கப்பலேறி வியாபாரத்துக்கு வந்த எங்கள் ஊர்க்காரர்கள் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்த பழக்கம் இது. நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்தப் பழக்கம் என் உம்மாவைக் கொல்லப் பார்த்தது.

அந்த வருஷம் உம்மா படுத்துவிட்டார். மார்சிலிங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பார். திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பார். சண்டையில்லை, சாவில்லை, இன்னதென்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். கண்ணேறு என்றார் ஒருவர், ரத்தம் குறைவு என்றார் இன்னொருவர். வாப்பா எனக்குப் பாக்கெட் மீ நூடுல்ஸ் அவித்து வைத்துவிட்டுத் தேக்காவிலிருந்த தன் துணிக்கடைக்குப் போவார், ராத்திரி பிராட்டா வாங்கி வருவார். என் தலையை நானே பின்னிக்கொண்டேன். பின்னிய லட்சணத்தைப் பார்த்து வகுப்பாசிரியைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள் போல. பக்கத்துப் புளோக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த குடும்ப சேவை நிலையத்திலிருந்து வாப்பாவுக்குப் போன் வந்தது. ஆலோசகர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து உம்மாவோடு பேசுவார் என்றார்கள்.

வாப்பா ஆடிப்போனார். உம்மாவுக்கு மனசு சரியில்லை என்பது வெளியே தெரிந்தால் நாளைக்கு என்னை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! அதனால் வருகிறவர் என் டியூஷன் டீச்சர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். எதிர்வீட்டுப் பெரிம்மா லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், கணக்கில் ரொம்ப மோசமா என்று பாவம்போல விசாரிப்பார். கணக்கில் நான்தான் வகுப்பிலேயே முதல். வீட்டு மானத்துக்காக மக்குப் பட்டத்தை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

உம்மாவிடம் வாப்பா சொன்னது ஒரே வரிதான்.

"சனிக்கிழம வீட்டுக்கு ஆள் வராங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உம்மா எழுந்துவிட்டார். என் கண்ணையே நம்ப முடியவில்லை. தரையைத் துடைத்தார், மெத்தை உறைகளை மாற்றினார், கண்ணாடி அலமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை இறக்கினார். தேங்காய்ப் பாலும் குலா மலாக்கா வெல்லமும் முட்டையும் கலந்து வட்டிலப்பம் அவித்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இழுத்துத் தலை பின்னிவிட்டார். வலித்தது. அந்த வலிக்காகவே அழலாம்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆலோசகராக வந்த மிஸ்ஸுக்குச் சின்ன வயசு. முதுகில் பை, பேச்சில் பாதி இங்கிலீஷ். பாவம், அவரால் இரண்டு கேள்விக்குமேல் கேட்க முடியவில்லை. நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டால், அல்ஹம்துலில்லாஹ், படுத்தால் தூங்கிவிடுவேன் என்று சொல்லி உம்மா இன்னொரு துண்டு வட்டிலப்பத்தைத் தட்டில் வைத்தார். பிறகு மிஸ்ஸின் கல்யாணப் பேச்சை எடுத்து, மாப்பிள்ளை பூன் லே பக்கம் வீடு வாங்கியிருக்கிறார் என்பதுவரை கறந்துவிட்டார். யார் யாருக்கு ஆலோசனை சொல்ல வந்தார்கள் என்றே தெரியாமல் போயிற்று. வாப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு வாரமும் மிஸ் போனதும் உம்மா படுத்துவிடுவார். முன்னைவிட மோசமாகப் படுப்பார். ஞாயிறும் திங்களும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு வாரத்தில் ஒரு நாள் உம்மா கிடைத்துக்கொண்டிருந்தார், அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

சில வாரங்கள் போன பிறகு ஒரு சனிக்கிழமை, அக்கா நல்லபடியாக இருக்கிறார், இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று மிஸ் சொன்னார். வாப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உம்மாவும் சிரித்தார். இனி எனக்கு மாதத்துக்கு ஒரு நாள்தான் உம்மாவா? வழியனுப்பும் சாக்கில் மிஸ்ஸோடு லிஃப்டில் இறங்கினேன்.

"மிஸ், நீங்க டெய்லி வரணும்லா."

"ஏம்மா?"

"நீங்க வந்தாத்தான் உம்மா எழும்புறாங்க."

கீழே வந்து கதவு திறந்தது. மிஸ் வெளியே போகவில்லை. மற்ற நாளில் உம்மா என்ன செய்வார் என்று குனிந்து கேட்டார். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குளிக்க மாட்டார், சாப்பிட மாட்டார், சமையலறை ஜன்னலில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் காது கேட்காது. மிஸ் மறுபடியும் ஒன்பதாம் மாடிக்குப் பொத்தானை அழுத்தினார்.

கதவைத் திறந்த வாப்பா மிஸ்ஸைப் பார்த்துப் பதறிவிட்டார். நல்ல சேலையோடு உம்மா கூடத்துத் தரையில் கிடந்தார். பக்கத்தில் கழுவாத கோப்பைகள். மிஸ்ஸைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தார், முந்தானையைத் தலைக்கு இழுத்தார், வாங்க என்றார். கை மடங்கிக்கொண்டது. என் உடம்பெல்லாம் கூசியது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா ஒருத்தர் வீட்டுக்குள் வருவது?

மிஸ் பையைக் கழற்றிவிட்டு உம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எழும்பாதீங்கக்கா. நான் விருந்தாளி இல்ல."

வாப்பா, அவளுக்குக் கொஞ்சம் தலைசுற்றல் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னால முடியலம்மா," என்றார் உம்மா.

அன்றே உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். பிறகு மருந்து, மாத்திரை, நிலையத்தில் மிஸ்ஸோடு பேச்சு என்று வருஷக்கணக்காக நடந்தது. முழுக்கக் குணமானார் என்று சொன்னால் அது பொய். இன்றும் சில காலைகளில் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார். ஆனால் இருக்கிறார்.

அன்று டாக்சியில் ஏறும்போது மிஸ் என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். அவ்வளவு ஆத்திரம். வாரம் ஒரு நாளாவது நிமிர்ந்து நின்ற என் உம்மாவை இவர் வந்து விழத்தாட்டிவிட்டார் என்று நினைத்தேன். வெளி ஆள் முன்னால் உம்மா முடியவில்லை என்று சொல்லிவிட்டாரே, இனி எங்களுக்கு எல்லாம் முடிந்தது என்று வழியெல்லாம் அழுதேன். அன்றைக்குத்தான் என் உம்மா முதல்முதலாக உதவி கேட்டார் என்பது எனக்குத் தெரியவில்லை.