கரிக்கு அடியில் பொந்து

செய்யூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் துளை போட்டுப் பாறையைச் சோதிக்கிறவர். ஒல்லியான மனிதர். பஸ்ஸின் தரையைக்கூடக் குதிகாலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரிக்கு அடியிலுள்ள பாறை கெட்டி என்று கையெழுத்துப் போடச் சொல்லிப் போனில் அதிகாரி கத்தினார்.

"பாறை பொந்தா கீது சார், போட மாட்டேன்" என்று இவர் வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா நைனா, பாறைய எலியா தோண்டிச்சு?"

"மழைத்தண்ணி ஆயா. மண்ணுல எறங்கி லேசா புளிச்சிப்பூடும். வெடிப்புல பூந்து சுண்ணாம்புப் பாறைய மெல்லக் கரைக்கும். கரிக்கும் முன்னால பொறந்த பாறை, எம்மாங்காலமா கரையுதோ! தொளை போடற எங்க கம்பி ஓர் ஆள் உயரம் சும்மாவே எறங்கிச்சு. பொந்து முழுக்கத் தண்ணி. மேல கரிய வெட்டினா பிச்சிக்கினு வரும். உள்ள கீற ஆளுங்க கதி?"

"வேலை பூடுமே?"

"போவட்டுமே!"

மறுபடியும் போன் அடித்தது. நானே வாங்கி, "அவரு போட மாட்டாருய்யா!" என்றேன்.

அவர் வேலை என்ன ஆனதோ, தெரியாது. நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமலே பேர் எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது எவன் நீட்டினாலும், எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை நிற்கவைக்கிறேன்.