பாதி விலைக்கு இருபது ரூபாய் கூடுதல்

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷமாக எனக்கு ஒரே வேலைதான்: கிஃப்ட் பெட்டிகளில் விலை லேபிள் ஒட்டுவது. போன சீசனில் போனஸ் வாங்கிய மறுநாள், நானும் என் அண்ணன் பொண்டாட்டியும் தீபாவளிச் சாமான் வாங்கச் சாத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு பெரிய கடையில் கடலை எண்ணெய் பாட்டில்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி, ‘பாதி விலை’ என்று சிவப்புப் போர்டு தொங்கவிட்டிருந்தார்கள். பாட்டிலில் விலை முந்நூற்று அறுபது. நாம் கொடுக்க வேண்டியது நூற்று எண்பது. பெண்கள் முண்டியடித்துக் கூடையில் போட்டார்கள். மதினி நான்கு எடுத்துவிட்டாள்.

நானும் ஒன்றை எடுத்தேன். விலைச் சீட்டின் ஓரத்தில் கட்டைவிரல் பட்டதுமே தெரிந்துவிட்டது, அது பிறகு ஒட்டியது. நகத்தால் நெம்பி உரித்தேன். அடியில் எண்ணெய்க் கம்பெனி அச்சடித்த விலை இருந்தது: நூற்று அறுபது. முழு விலையே அவ்வளவுதான். பாதி விலை என்று சொல்லி இருபது ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“விடு புள்ள, எல்லாரும் பாக்காக” என்று மதினி என் முந்தானையை இழுத்தாள். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும்.

“என்னக்கா, ஸ்டிக்கரப் பிக்கிறீக?”

“அடியில என்ன போட்டிருக்குன்னு வாசிங்க தம்பி.”

“அது பழைய வெல. எண்ணெ வெல ஏறிப்போச்சுல்ல.”

“ஏறுனா கம்பெனியில புதுசா அச்சடிச்சு அனுப்புவாக. அச்சடிச்சதுக்கு மேல நீங்க கூட்டி ஒட்டக்கூடாது. நான் லேபிள் ஒட்டுறவ, எனக்குத் தெரியும்.”

எந்தக் கம்பெனி என்று கேட்டார். பட்டாசு என்றதும் சிரித்தார். “ஒங்க பெட்டியில ஆயிரம்னு போட்டு, எம்பது சதவீதம் தள்ளுபடின்னு விக்காகளே. அது மட்டும் நியாயமாக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. யாருமே கொடுக்கப்போகாத விலையை ஒட்டுகிறோமே என்று நானே எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

“அதுவும் நியாயமில்லதான்” என்றேன். “அங்கன வெல போடுறது நானில்ல, ஒட்டுறதுதான் நான். அதுக்காக இங்கன நீங்க ஏமாத்துறது சரின்னு ஆயிருமா? எடை அளவு ஆபீசுக்குப் போன் போடவா, நீங்களே போர்ட எறக்குறீகளா?”

அவர் பதில் சொல்லும் முன்பே பக்கத்தில் சர்ரென்று ஒரு சத்தம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் பாட்டிலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்க உரிக்கிற சத்தம்தான்.

மேனேஜர் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டைத் தானே கழற்றினார். நூற்று அறுபதுக்கே பில் போடச் சொன்னார். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பாட்டிலுக்கு இருபது ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். வாசல் வரை போய்விட்ட பெண்களைக்கூட மற்றவர்கள் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பில் போட வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாதவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். இத்தனை வருஷத்தில் என் கைவேலையை இப்படி யாரும் மெச்சியதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மதினி பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நடந்ததை விலாவாரியாகச் சொன்னாள்.

“மொதல்ல நாங்க ரெண்டு பேருந்தான் உரிச்சோம்” என்றாள்.

நான் மறுக்கவில்லை.