147ஆம் வரியில் ‘பார்’

இது கட்டுக்கதை இல்லை. கட்டுவதானால் நான் இதைவிட நன்றாகக் கட்டியிருப்பேன். நள்ளிரவு வைத்திருப்பேன், கரண்ட் போக வைத்திருப்பேன். இது நடந்தது பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நடந்தது என் அக்காவுக்கு. வீட்டில் யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தாலே “வேற வேலை இல்லையா?” என்று வாயை அடைக்கிறவள் அவள். அவளே சொன்னதால்தான் நம்பினேன். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான கணினிகள் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உருவம் கிடையாது, தொட முடியாது, ஆனால் வேலை செய்யும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். “அப்போ அதுங்களே பேய்தானேக்கா?” என்று ஒருதடவை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. இவற்றின் தகவல்கள் கிடக்கும் ஸ்டோரேஜ் பழசானால் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் கணினியில் கட்டம் கட்டமாக ஒரு ஷீட் போடுவார்கள். மெஷினுக்கு ஒரு வரி. பெயர், அளவு, யாருடையது, கடைசியில் ‘நகர்த்து’ அல்லது ‘நீக்கு’. ஷீட் சொல்வதுதான் சட்டம். ‘நீக்கு’ என்று இருந்தால் அந்த மெஷின் போயே போச்சு, திரும்ப வராது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. ஷீட் போட்டது அக்கா. அதைப் பார்த்து நீக்கியது அவளுக்கு எதிர் சீட்டில் இருந்தவர். ஆபீஸில் அவருக்குப் பேரே பேக்கப்தான். அக்கா மட்டும் அண்ணே என்பாள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற மனுஷர். சந்தேகம் வந்தால் அந்த வரியில் ‘பார்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி வைப்பார். அக்கா போட்ட ஷீட்டில் மட்டும் அவர் எழுதியதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

ஷீட் அழகாக இருக்கட்டும் என்று அக்கா நடுவில், மேலிருந்து கீழ்வரை, ஒரு காலி இடம் விட்டிருந்தாள். அதுதான் வினையானது. அளவு வாரியாக வரிசைப்படுத்தியபோது காலி இடத்துக்கு இடது பக்கம் இருந்த மெஷின் பெயர்கள் மட்டும் இடம் மாறின. வலது பக்கம் அப்படியே நின்றது. பெயர்கள் எல்லாம் எழுத்தும் எண்ணுமாக இருப்பவை, பார்த்த கண்ணுக்குத் தப்பு தெரியாது. பேக்கப் அண்ணன் ஷீட்டில் இருந்ததை அப்படியே செய்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆறு வருடப் பதிவுகள் அழிந்தன.

அன்று ராத்திரியே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. விசாரணைக்கு முன்னால், யாரும் பார்க்காதபோது, ஷீட்டைச் சரிசெய்து சேமித்துவிட்டாள். யார் மாற்றியது என்று காட்டும் வசதி அப்போது அதில் கிடையாது. காலையில் ஷீட் சரியாக இருந்தது. அப்படியானால் தப்பு செய்தது யார்? அண்ணன் வேலை போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது லிஃப்ட் வாசலில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான்தான் வரி மாத்திப் பார்த்துட்டேனாம்மா?”

“தெரியலயேண்ணே.”

அந்த ஒரு வார்த்தை மூன்று வருடமாகத் தன்னைக் குத்திக்கொண்டே இருந்தது என்றாள் அக்கா. சொல்லியிருக்கலாம். வீட்டுக் கடனை நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை, பார்க்கும் தைரியமும் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மறுபடி ஸ்டோரேஜ் மாற்றம். 318 மெஷின்கள். நான்கு மணிக்கு ஷீட்டைப் பூட்டி அனுப்ப வேண்டும், வேலை தானாக ஆரம்பித்துவிடும். மூன்றாவது மாடியில் அவள் மட்டும்தான். எதிர் சீட்டில் அண்ணன் போன பிறகு யாரும் உட்காரவில்லை, பழைய ஒயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது.

2:20. பெரிய மெஷின்கள் முதலில் போகட்டும் என்று அளவு வாரியாக வரிசைப்படுத்தினாள். இந்தத் தடவை அவள் காலி இடம் எதுவும் விடவில்லை. அந்தப் பாடம்தான் படித்தாயிற்றே.

2:24. ஏசி நின்றது. ஞாயிறுதானே, யாரோ கீழே அணைத்திருப்பார்கள் என்று நினைத்தாள்.

2:31. 147ஆம் வரி மஞ்சளாக இருந்தது. கை பட்டிருக்கும் என்று நிறத்தை எடுத்துவிட்டாள். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு திரும்பினாள். மறுபடி மஞ்சள்.

ஷீட்டின் மேல் மூலையைப் பார்த்தாள். வேறு யாராவது திறந்திருந்தால் அங்கே ஒரு வட்டத்தில் பெயர் தெரியும். வட்டம் இருந்தது. பெயர் இல்லை…

மேனேஜருக்கு ஃபோன் போட்டாள்.

“சார், ஷீட்டைத் திறந்து வச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா, வண்டி ஓட்டிட்டிருக்கேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல சார்.”

2:40. டக்… டக்.

கீபோர்டு சத்தம். எதிர் சீட்டிலிருந்து. அங்கே கீபோர்டே கிடையாது.

147ஆம் வரியின் கடைசிக் கட்டத்தை அடுத்து ஒரு வார்த்தை.

பார்.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அவள் கண் அந்த வரியை விட்டு நகரவில்லை. மெஷினின் பெயரை வேறு பட்டியலில் தேடிப் பார்த்தாள். அது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் இருக்கும் மெஷின். ஷீட்டில் அதற்கு நேரே இருந்தது: ‘மூடிய செருப்புக் கடை. நீக்கு.’

டக்… டக்.

152. பார்.

டக்… டக்.

160. பார்.

அப்போதுதான் நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு காலி இடம் கண்ணில் பட்டது. அச்செடுக்க வசதியாக இருக்கும் என்று சனிக்கிழமை மேனேஜர் செருகியதாம். அவளிடம் சொல்லவில்லை.

அதே தப்பு. அதே மாதிரி.

காலி இடத்தை எடுத்தாள். பழைய வரிசையைக் கொண்டுவந்தாள். 318 வரிகளும் பொருந்தின.

‘பார்’ ஒவ்வொன்றாக மறைந்தது…

3:02. முடிந்தது என்று நினைத்தாள்.

எதிரே நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. யாரோ முன்னால் சாய்வதுபோல.

டக். டக். டக். இந்தத் தடவை நிதானமாக.

147.

‘அன்னிக்கும் இதுதானாம்மா?’

அக்கா அழுதாள். பயத்தில் இல்லை என்றாள். வெட்கத்தில்.

3:04. அதன் கீழேயே டைப் செய்தாள்.

‘ஆமாண்ணே. நான்தான். நீங்க இல்ல.’

வட்டம் மறைந்தது.

ஏசி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் ஷீட்டில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பதிவை எடுத்துப் பார்த்தாள். ஞாயிறு மதியத்துக்கு நேரே அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. ‘பார்’ எதுவும் பதிவில் இல்லை. அந்தக் கேள்வியும் இல்லை. அவள் எழுதிய பதில் மட்டும் இருந்தது, 3:04 என்ற நேரத்தோடு. அன்றைக்கே மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை இருக்குமா, போகுமா என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை பேக்கப் அண்ணன் வீட்டைத் தேடிப் போனாள். நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் மனதில். கதவைத் திறந்தது அவர் மனைவி.

“அண்ணன் இருக்காரா அண்ணி?”

அந்த அம்மா இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலயா? அவர் போயி பதினோரு மாசம் ஆச்சு.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த அம்மாவே பேசினார்.

“வேலை போனதுலருந்து ஒரே கேள்விதான் அவருக்கு. தப்பு என்னோடதா, என்னோடதான்னு. தூக்கத்துலகூட. கடைசி ஒரு வாரம் பேச்சே நின்னுருச்சு. கடைசி நாள் மத்தியானம் திடீர்னு கண்ணத் தொறந்தார். போர்வை மேல வெரலால தட்டிக்கிட்டே இருந்தார், டைப் அடிக்கிற மாதிரி. அப்புறம் சிரிச்சார். ‘ஆமான்னு சொல்லிட்டா. நான் இல்லையாம்’னார். அதோட மூச்சு அடங்கிருச்சு.”

தண்ணீர் டம்ளரை இவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

“சொன்னது யாருன்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் அக்கா சொன்னாள். காலி இடம், ராத்திரி திருத்திய ஷீட், லிஃப்ட் வாசலில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அந்த அம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எப்படியோ அவர் கண் மூடுறதுக்குள்ள சொன்னீங்களே. எப்போ பேசினீங்க அவர்கிட்ட?”

“போன ஞாயித்துக்கிழமை அண்ணி” என்றாள் அக்கா.